மாத்திப்போட்ட பில்டர்

கிணத்துக்கடவுக்கு மேற்கே இருக்கும் தோப்புகளில் ராசாத்தாளிடம் எதைக் கொடுத்தாலும் அது முதலில் அவள் மூக்குக்குத்தான் போகும். பால், எண்ணெய், புண்ணாக்கு, புதுத் துணி, எதுவானாலும் சரி. கல்யாணப் பத்திரிகை வைத்தால் அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் பிரிப்பாள் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். பத்திரிகையை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் பார்த்தாள். அதுவும் ஒரே தடவை. முகூர்த்த நேரத்தின்மேல் காகிதம் ஒட்டித் திருத்தியிருந்தார்கள்.

அவளுக்கு இளநீர் வியாபாரம். சுற்றுவட்டாரத் தோப்புகளில் காய் இறக்கி, சொந்த பிக்கப் வண்டியில் ஏற்றி, கோயமுத்தூர்க் கடைகளுக்கு அனுப்புவாள். தொழில் முழுக்க அவள் கையில். கணவர் சுப்பண்ணன் மாட்டைப் பார்த்துக்கொள்வார்; மீதி நேரம் கயிற்றுக் கட்டிலைப் பார்த்துக்கொள்வார். உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான். சந்தேகம் வரும்படி ஏதாவது செய்வதென்றால் முதலில் கட்டிலைவிட்டு எழ வேண்டுமே.

வண்டி ஓட்ட வந்த டிரைவர்கள் யாரும் நிலைத்ததில்லை. ஒருவர் வண்டியை எங்கோ நிறுத்தித் தூங்குகிறார் என்று நினைத்தாள். இன்னொருவர் நல்ல காயை வழியில் இறக்கிவிடுகிறார் என்று நினைத்தாள். யாரையும் அவள் போகச் சொன்னதில்லை. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வாய் திறக்காமல், அவர்கள் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வருவாள். சில வாரங்களில் அவர்களாகவே சாவியைக் கொண்டுவந்து நிலைப்படியில் வைத்துவிடுவார்கள். கடைசியாக இருந்தவர் விஷயத்தில் மட்டும் அவள் மூக்கு ஜெயித்தது. அவருடைய தண்ணீர் கேனின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். டீசல். வண்டி டேங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விற்றிருக்கிறார். அன்று முதல் அவள் மூக்குக்கு ஊரில் மரியாதை கூடியது. அவளுக்கும் அதன்மேல் நம்பிக்கை கூடிப்போனது.

அந்தச் சமயத்தில்தான் மருமகன் கிருபாசங்கர் வந்து சேர்ந்தான்.

கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவன். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது அவனும் வெளியே வந்தான். மகள் ரித்திகா மாசமாக இருந்தாள். வண்டி சும்மா நின்றது. வேறு வேலை கிடைக்கிறவரை நான் ஓட்டுகிறேனே என்று அவனே கேட்டான். ராசாத்தாளுக்கு அது சரியான யோசனையாகத்தான் பட்டது. மகள் கண்ணெதிரே இருப்பாள். பிரசவமும் இங்கேயே. பிறகு வண்டியையும் கடை வாடிக்கையையும் மருமகனிடமே கொடுத்துவிட்டால் தனக்கும் ஓய்வு.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மருமகன் ஓட்டும் வண்டியில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து போவதாவது! மற்ற வீடுகளில் எப்படியோ, ராசாத்தாள் அந்த முறையில் கண்டிப்பானவள். அவனோடு பேச்சுகூட இரண்டு வார்த்தைக்கு மேல் போகாது. அவன் ஒன்று சொல்வான்; அவள் "ஆகட்டுங்க மாப்பிள்ளை" என்பாள். திருப்பிக் கேட்பது மரியாதையில்லை. அதிலும் வீட்டோடு வந்து இருக்கும் மாப்பிள்ளை. முகம் சுளித்தாலே பெட்டியைக் கட்டிவிடுவான் என்ற பயம் வேறு. ஆக, அவன் வந்த பிறகு வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. மதியம் அவன் சாப்பிட்டுக் கண்ணயரும்போது மட்டும் மெதுவாகப் போய் டேங்க் மூடியைத் திறந்து மோந்துவிட்டு வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பில்டர் மாற்ற வேண்டியிருந்தது. பில்டர் என்பது வண்டியின் முன்மூடிக்குள் இருக்கும் சின்ன உருளை டப்பா. டேங்கிலிருந்து ஒரு ரப்பர் குழாய் டீசலை அதற்குள் கொண்டுவரும். தூசியும் அழுக்கும் உள்ளே நின்றுவிடும். சுத்தமான டீசல் இன்னொரு குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். வண்டியிலேயே ராசாத்தாளுக்குப் பிடித்த சாமான் அதுதான். அவளைப் போலவே எதையும் நம்பாமல் சலித்துத்தான் உள்ளே விடுகிறது. கடைக்குத் தானே போய், டப்பாவை நான்கு பக்கமும் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டைச் சுரண்டி, மோந்து, போலி இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாங்கி வந்தாள். மெக்கானிக் எதற்கு, நானே போட்டுவிடுகிறேன் என்றான் கிருபாசங்கர்.

வாசலில் வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினான். பழைய டப்பாவைக் கழற்றும்போது டீசல் சட்டையெல்லாம் வழிந்தது. ராசாத்தாள் சமையலறை ஜன்னலில் நின்று, வாளியில் பிடித்த டீசல் மறுபடியும் டேங்குக்கே போகிறதா என்பதை மட்டும் பார்த்தாள். போனது. அதற்குள் தோப்புக்காரர் ஒருவர் போன் பண்ணினார். காய் பேச்சு நீண்டுவிட்டது. அவள் போனை வைத்தபோது வண்டி ஸ்டார்ட் ஆகி உறுமிக்கொண்டிருந்தது. கிருபாசங்கர் பழந்துணியில் கையைத் துடைத்தபடி தண்ணீர்த் தொட்டி அருகே வந்து நின்றான். தலை குனிந்திருந்தது.

"அத்தை, பில்டரை மாத்திப்போட்டனுங்க."

"ஆகட்டுங்க மாப்பிள்ளை."

அவன் போகவில்லை. நின்றான்.

"அப்படியே இருக்கட்டுங்களா?"

"இருக்கட்டுங்க. அதுக்கென்ன. நீங்க கைகால் கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

அவன் அவளை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனான். இத்தனை சின்ன வேலைக்கு எதற்கு இத்தனை தலைக்குனிவு என்று அவளுக்குத் தோன்றியது. அங்கேதான் சந்தேகத்தின் முதல் புழு நுழைந்தது.

சில நாள் கழித்து சிங்காநல்லூரிலிருந்து வெங்கடலட்சுமி போன் பண்ணினாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே இளநீர்க் கடை வைத்திருப்பவள். ராசாத்தாளின் பழைய வாடிக்கை. வாயும் பெரிது, வியாபாரமும் பெரிது. லோடு நேரத்துக்கு வருவதில்லை என்றாள். நோயாளிகளுக்குக் காலையில்தான் இளநீர் வேண்டும், மத்தியானம் வந்து இறங்கினால் நானே உட்கார்ந்து குடிக்க வேண்டியதுதான் என்றாள். இப்படியே போனால் வேறு ஆளிடம் காய் எடுப்பேன் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ராசாத்தாள் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று, தாமதமாகிறதாமே என்று பட்டும் படாமலும் கேட்டாள். வண்டி மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது, உக்கடம் மேம்பாலம் ஏறும்போது திணறி நின்றுவிடுகிறது என்றான் கிருபாசங்கர். ஏன் என்று கேட்க அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவனே முடித்தான்.

"உங்களுக்குத் தெரியாததுங்களா அத்தை."

அந்த ஒரு வார்த்தையை ராசாத்தாள் அன்று முழுக்க மென்றாள். எனக்கு என்ன தெரியும் என்கிறான்? தெரிந்தும் நான் பேசாமல் இருப்பதாகச் சொல்கிறானா? என்னால் வாயைத் திறக்க முடியாது என்று குத்திக்காட்டுகிறானா?

முதலில் பெட்ரோல் பங்க்காரனைச் சந்தேகப்பட்டாள். டீசலில் தண்ணீர் கலந்திருப்பான் என்று ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தாள். அடியில் ஒன்றும் தங்கவில்லை. அப்புறம் பில்டர் கடைக்காரரைச் சந்தேகப்பட்டு நேரில் போய் நின்றாள். அவர் தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். "உங்க மூக்குல ஏறி எறங்குன டப்பாங்க்கா அது. இனி அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்றது?" என்றார். பில்டரை அவளே பரிசோதித்து வாங்கியதால் அங்கே வாதம் நிற்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

துவைக்கப் போட்டிருந்த அவன் சட்டையை எடுத்து மோந்தாள். டீசல். மறுநாள் சட்டையும் டீசல். அதற்கு மறுநாளும். பில்டர் மாற்றிய அன்று சட்டையில் கொட்டியது சரி. அன்றாடம் எப்படிக் கொட்டும்? போதாததற்கு, வண்டி சீட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கேன் புதிதாக முளைத்திருந்தது. மூடியைத் திறக்கவே தேவையில்லை, தூரத்திலேயே அடித்தது. பழைய டிரைவரின் தண்ணீர் கேன் கண்முன் வந்து நின்றது. வழியில் வண்டியை நிறுத்தி டீசல் எடுத்து விற்கிறான். டேங்கில் குறைந்தால் வண்டி மேட்டில் எப்படி இழுக்கும்? எல்லாம் பொருந்தி வந்தது.

சட்டையோடு நின்றதை ரித்திகா பார்த்துவிட்டாள்.

"அவரு சட்டையை எதுக்கும்மா மோந்து பாத்துட்டு நிக்கற?"

"அழுக்குப் போச்சான்னு பாத்தேன் கண்ணு."

"தொவைக்கறதுக்கு முன்னாலயேவா?" ரித்திகா சட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். "செய்யறதையும் செஞ்சுபோட்டு, மோந்து வேற பாக்கறயாக்கும். அவரு வாயில்லாத மனுசன்னு நெனச்சுக்காத. வளைகாப்பு முடிஞ்சதும் காங்கேயம் போயிரலாம்னு சொல்லீட்டு இருக்கறாரு. நானும் செரின்னுட்டேன்."

காங்கேயம் கிருபாசங்கரின் ஊர். மகள் அங்கே போனால் பிரசவமும் அங்கே. பேரப்பிள்ளையின் முகத்தை இனி விசேஷத்துக்கு விசேஷம் பார்க்க வேண்டியதுதான். மகள் சொன்னதில் "செய்யறதையும் செஞ்சுபோட்டு" என்ற முன்பாதி ராசாத்தாள் காதில் விழவே இல்லை. காங்கேயம் மட்டும்தான் விழுந்தது. திருடியது தெரிந்துபோகும் முன் கிளம்பப் பார்க்கிறான் என்று அதற்கும் ஒரு அர்த்தம் செய்துகொண்டாள்.

கேட்டால் மகள் போய்விடுவாள். கேட்காவிட்டால் கண்ணெதிரே திருட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு சோறு போட வேண்டும். சுப்பண்ணனிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் யோசித்து, ஆகட்டும் பார்க்கலாம் என்றார். எது ஆகட்டும், எதைப் பார்க்கலாம் என்று அவருக்கே தெரியாது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மகளே நம்பித்தானே ஆக வேண்டும்? விடிந்ததும் அவன் லோடோடு கிளம்பினான். தோப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ராசாத்தாளும் வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக மெயின்ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினாள்.

ஆத்துப்பாலம் தாண்டியதும் பார்த்தாள். மேம்பாலம் ஏறும் இடத்தில் ஓரமாக அவள் வண்டி நின்றது. முன்மூடி திறந்திருந்தது. கிருபாசங்கர் உள்ளே குனிந்து குழாய் ஒன்றைக் கழற்றி வைத்திருந்தான். அதிலிருந்து வெள்ளைக் கேனுக்குள் டீசல் விழுந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில், இத்தனை ஜனம் பார்க்க. பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். இங்கெல்லாம் நிற்காது, உட்காருங்கம்மா என்றார் கண்டக்டர். கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்தபடியே போனாள். நினைத்தது சரியாகிவிட்டதில் ஒரு துளி சந்தோஷம்கூட இல்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. பழியைப் பஸ் காற்றின்மேல் போட்டுத் துடைத்துக்கொண்டாள்.

உக்கடத்தில் டவுன் பஸ் மாறி, சிங்காநல்லூரில் இறங்கி, வெங்கடலட்சுமியின் கடைக்குப் போனாள். வண்டி எப்படியும் இங்கே வந்தாக வேண்டும். வந்ததும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டாள். மாப்பிள்ளை, சாவியைக் கொடுத்துப்போட்டு நீங்க கிளம்புங்க. மரியாதை குறையாமல், சத்தம் போடாமல். அவ்வளவுதான்.

வெங்கடலட்சுமி ஒரு காயைச் சீவி நீட்டினாள். வழக்கமாக அதையும் மோந்துவிட்டுத்தான் குடிப்பாள் ராசாத்தாள். இன்று அப்படியே வாயில் வைத்தாள். வெங்கடலட்சுமிக்கு அதுவே அதிசயமாக இருந்தது. ஆளை மேலும் கீழும் பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்கக்கா, செருப்ப மாத்திப்போட்டுட்டு வந்திருக்கறீங்க?"

ராசாத்தாள் குனிந்து பார்த்தாள். "புதுசு இல்லியே. பழசுதான்."

"புதுசுன்னு எங்கீங்க சொன்னேன்? மாத்திப்போட்டிருக்கறீங்கன்னேன். ஒரு கால்ல உங்களது, ஒரு கால்ல உங்க மகளது. பூ வெச்சிருக்குது பாருங்க."

வலது காலில் அவளுடைய கறுப்பு ரப்பர் செருப்பு. இடது காலில் ரித்திகாவின் சிவப்புச் செருப்பு. வாரின்மேல் ஒரு பிளாஸ்டிக் பூ. ராசாத்தாள் சிரிக்கவில்லை. இளநீரைக் கீழே வைத்தாள். மாத்திப்போட்டிருக்கறீங்க. அந்த வார்த்தை அவளுக்குள் ஒரு தடவை புரண்டு மறுபக்கம் காட்டியது. பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றவனும், அப்படியே இருக்கட்டுங்களா என்று அவன் கேட்டதும், நிமிர்ந்து பார்த்த அந்தப் பார்வையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

வண்டி திணறித் திணறி வந்து நின்றது. இறங்கிய கிருபாசங்கர் மாமியாரைக் கண்டதும் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். சட்டை நெஞ்சுவரை ஈரமாக இருந்தது. ராசாத்தாள் அடுக்கி வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. முறையெல்லாம் மறந்து அவன் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"மாப்பிள்ளை, அன்னைக்கு மாத்திப்போட்டனுங்கன்னு சொன்னீங்களே. புதுசு போட்டுட்டேன்னு சொன்னீங்களா, இல்ல குழாயை அதுக்கு இது, இதுக்கு அதுன்னு மாட்டிப்போட்டேன்னு சொன்னீங்களா?"

"மாட்டிப்போட்டேன்னுதானுங்க." அவன் முன்மூடியைக் காட்டினான். "டப்பாமேல அம்புக்குறி போட்டிருந்ததைப் பாக்காம, வர்ற குழாயைப் போற பக்கம் சொருகிப்போட்டனுங்க. வண்டி ஸ்டார்ட் ஆனதுக்கு அப்பறந்தான் பாத்தனுங்க. ஒடனே வந்து சொன்னனுங்களே அத்தை. இருக்கட்டும்னுட்டீங்க."

"நான் எதுக்குங்க இருக்கட்டும்னு சொல்லப்போறேன்?"

"அதுதானுங்க எனக்கும் தெரியல. மறுக்காவும் கேட்டனுங்க. மறுக்காவும் அதையேதான் சொன்னீங்க." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "பழைய டிரைவருங்களை எல்லாம் போகச் சொல்லாமயே போக வெச்சீங்கன்னு ஊரே சொல்லுதுங்க. என்னையும் நானாவே போகட்டும்னு பாக்கறீங்கன்னு நெனச்சனுங்க."

ராசாத்தாள் இளநீர்க் குலைகளுக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் இவள் அவனை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் இவளை அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"ரித்திகாகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னனுங்க. அம்மா இருக்கட்டும்னு சொன்னா அதுல ஏதோ கணக்கு இருக்கும், கேக்காதீங்கன்னா."

ஒரு வார்த்தை புரியாமல் போயிருக்கலாம் என்று பெற்ற மகளுக்குக்கூடத் தோன்றவில்லை. ராசாத்தாள் என்றால் எதையும் விவரம் தெரிந்துதான் செய்வாள். இத்தனை வருஷம் பாடுபட்டு அவள் சேர்த்த பெயர் அது.

கேனைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவனே சொன்னான். டப்பாவுக்குள் ஓட்டம் அடைபட்டுக் காற்றுப் பிடித்துக்கொள்ளும். குழாயைக் கழற்றிக் கொஞ்சம் டீசலைக் கேனில் விட்டால் காற்றுப் போகும். பிறகு அதைத் திரும்ப டேங்கில் ஊற்றிவிட்டுக் கிளம்புவான். மேம்பாலம் வரும்போதெல்லாம் இதே வேலை. அப்படியானால் இப்போதே குழாயைத் திருப்பி மாட்டிவிடலாமே என்றாள் ராசாத்தாள். கூடாது, இத்தனை நாள் பிடித்த அழுக்கு தப்பான பக்கத்தில் நிற்கிறது, திருப்பினால் நேராக எஞ்சினுக்குள் போய்விடும், புது டப்பாதான் வேண்டும் என்றான்.

காயை இறக்கியதும் இரண்டு பேருமாகப் போய் பக்கத்து உதிரிபாகக் கடையில் வாங்கினார்கள். ராசாத்தாள் டப்பாவைக் கையில் வாங்கி வழக்கம்போல மோந்து பார்த்தாள். அந்தப் பழக்கம் ஒரு நாளில் போய்விடாது. அப்புறம் அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று அவனிடம் கேட்டாள். காட்டினான். எஞ்சின் எந்தப் பக்கம் என்றாள். காட்டினான். அவன் மாட்டும்போது கேனை அவள் பிடித்துக்கொண்டாள். டீசல் அவள் புடவையிலும் வழிந்தது. வெங்கடலட்சுமி கடையிலிருந்தே, மாமியாரும் மருமகனும் சேர்ந்து ஒர்க்ஷாப் வைத்துவிட்டீர்களா, இனி இளநீர் யாரிடம் எடுப்பது என்று கேலி செய்தாள்.

வேலை முடிந்தது. கிருபாசங்கர் முன்மூடியைச் சாத்தினான். கையைத் துடைத்தபடி மாமியார் பக்கம் திரும்பினான்.

"அத்தை, பில்டரை மாத்தி…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். "புதுசு போட்டாச்சுங்க. நேராப் போட்டாச்சுங்க."

"ஆகட்டுங்க மாப்பிள்ளை" என்றவள், கொஞ்சம் யோசித்து, "நானும் பாத்தனுங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

பஸ்ஸுக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பியபோது அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, தன் பக்கம் போய் ஏறிக்கொண்டான். அவள் கொஞ்சநேரம் சாலையில் நின்றாள். பிறகு ஏறி, கதவோடு ஒட்டி, முடிந்த அளவு தள்ளி உட்கார்ந்தாள். இன்றைக்கு எதற்கு சிங்காநல்லூர் வரைக்கும் வந்தீர்கள் என்று அவன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான். வெங்கடலட்சுமியைப் பார்த்து நாளாகிவிட்டது என்றாள் ராசாத்தாள். அவன் அவள் கால்களைப் பார்த்தான். கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று. "செரிங்க" என்றான்.

உக்கடத்தில் மேம்பாலம் வந்தது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு எஞ்சினைக் கேட்டார்கள். வண்டி கியர் மாற்றி ஏறியது, திணறவில்லை, உச்சிக்குப் போய் மறுபக்கம் இறங்கத் தொடங்கியது. கிருபாசங்கர் ஒரு மூச்சு விட்டான்.

"கோவில்பாளையத்துத் தோப்புல அடுத்த மாசம் காய் தருவாங்கன்னீங்களே அத்தை. வளைகாப்பு முடிஞ்சதும் ஒருக்கா போய்ப் பேசிட்டு வந்திரட்டுங்களா?"

ராசாத்தாள் அவன் சொன்னதற்கு வேறு ஏதாவது அர்த்தம் இருக்குமா என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். இல்லை என்றுதான் பட்டது. இருந்தாலும் இந்த முறை கேட்டுவிட்டாள்.

"பேசிட்டு வர்றதுன்னா… நீங்க இங்கயே இருந்து பாத்துக்கறதுங்களா?"

"இங்கயே இருந்துதானுங்க."

"ஆகட்டுங்க" என்றாள் ராசாத்தாள். மருமகன் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கையை மூக்கருகே கொண்டுபோனாள். நல்ல டீசல் வாடை.